அகழிக்கு அப்பால்: வொறன் பஃபெற்றின் முதலீட்டுத் தத்துவம் – ஒரு மதிப்பீடு

பெருஞ்செல்வம் ஈட்டியோரின் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் இருவகையாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. ஒருவகை வரலாறு, ஈட்டியவரின் குணநலன்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கூறி, அக்குணநலன்களே செல்வத்தைத் தந்தன என முடிவு செய்யும். மற்றைய வகை, ஈட்டப்பட்ட செல்வத்தின் பருமனைக் காட்டி, இத்துணைச் செல்வம் நேரிய வழியில் வந்திருத்தல் இயலாது என முடிவு செய்யும். முன்னையது புகழ்மாலை, பின்னையது குற்றப்பத்திரிகை. இரண்டிலும் ஆராய்ச்சி என ஒன்று நிகழ்வதில்லை. முடிவை முன்னரே வகுத்துக்கொண்டு, அதற்கேற்ற செய்திகளைத் தேடிக்கொள்ளும் முயற்சியே நிகழ்கின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாகா நகரினரான வொறன் பஃபெற், இவ்விருவகை எழுத்துக்கும் நிறையவே ஆளானவர். 'ஒமாகாவின் ஞானி' என அழைக்கப்படும் அவரைப் பற்றிய நூல்கள் புத்தகக் கடைகளில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. இளைஞர் பலர் அவற்றை வாழ்க்கைக்கு வழிகாட்டும் அறநூல்களாகவே படிக்கின்றனர். பொறுமை, சிக்கனம், நேர்மை, ஓயாத வாசிப்பு என்பனவற்றைக் கைக்கொண்டால் எவரும் அவ்வழியே செல்லலாம் என்னும் நம்பிக்கை அந்நூல்களின் உயிர்நாடியாக அமைந்துள்ளது. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இங்கு எழும் வினா. இதற்கு விடைகாணப் பஃபெற்றின் பகைவரிடம் செல்ல வேண்டியதில்லை. அவரே தம் பங்குதாரருக்கு ஆண்டுதோறும் எழுதிய கடிதங்களும், பொதுமேடைகளில் ஆற்றிய உரைகளும் போதிய சான்றுகளைத் தருகின்றன.

வாழ்க்கையும் கல்வியும்

பஃபெற் 1930 ஆகஸ்ற் 30ஆந் திகதி பிறந்தார். அமெரிக்கப் பங்குச் சந்தையின் பெருவீழ்ச்சிக்குப் பின் ஓராண்டுகூட நிறைவுறாத காலம் அது. தந்தையார் ஹவார்ட் பஃபெற் பங்குத் தரகர். 1942இல் நடைபெற்ற தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் காங்கிரசுக்குத் தெரிவானவர். மகன் பதினோராம் வயதில் முதற்பங்கை வாங்கினான். வாஷிங்ரனில் வாழ்ந்த நாட்களில் வீடு வீடாகப் பத்திரிகை விநியோகித்துப் பணஞ் சேர்த்தான். ஏழைச் சிறுவன் தன் முயற்சியால் உயர்ந்தான் என்னும் வாய்பாட்டுக்குள் இவ்வரலாறு அடங்காது. தரகரின் அலுவலகமும், காங்கிரஸ் உறுப்பினரின் இல்லமும் அவனுடைய தொடக்கப் பள்ளிகள் என்பது மறத்தற்குரியதன்று.

பத்தொன்பதாம் வயதில் அவர் படித்த நூலொன்று அவருடைய சிந்தனைக்கு வடிவம் தந்தது. பெஞ்சமின் கிரகாம் 1949இல் வெளியிட்ட 'அறிவார்ந்த முதலீட்டாளர்' என்பதே அந்நூல். 1934இல் டேவிட் டொட் என்பாருடன் இணைந்து 'பிணையங்களின் பகுப்பாய்வு' என்னும் பெருநூலை எழுதியவரும் கிரகாமே. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவரிடம் நேரிற் பயின்று 1951இல் முதுமாணிப் பட்டம் பெற்ற பஃபெற், 1954 முதல் 1956 வரை அவருடைய நிறுவனத்திற் பணியாற்றினார். பின்னர் ஒமாகாவுக்குத் திரும்பி, உறவினரும் நண்பருமான எழுவரிடமிருந்து 1,05,000 டொலரும் தம் பங்காக 100 டொலரும் சேர்த்து ஒரு கூட்டு நிதியைத் தொடங்கினார். 1958இல் 31,500 டொலருக்கு வாங்கிய வீட்டிலேயே உலகச் செல்வந்தருள் ஒருவராகிய பின்னரும் வாழ்ந்தார் என்பது, அவரைப் புகழ்வோர் தவறாது கூறும் செய்தி.

கிரகாமின் போதனை மூன்று கருத்துக்களில் அடங்கும். பங்கு என்பது விலை ஏறி இறங்கும் வெறுங் கடதாசியன்று. அது ஒரு தொழிலின் உரிமைப் பகுதி. சந்தை என்பது நாள்தோறும் வாயிலில் வந்துநின்று வெவ்வேறு விலை கூறும் மனநிலை நிலையற்ற கூட்டாளி; அவன் சொல்லைக் கேட்கவேண்டியதில்லை, அவன் மடமையைப் பயன்படுத்தினாற் போதும். மூன்றாவதாக, கணித்த பெறுமதிக்கு மிகக் குறைவான விலையிலேயே வாங்கவேண்டும். கணிப்பிற் பிழை நேரினும் அவ்விடைவெளி காப்பாற்றும். இவற்றுள் முதலாவது கருத்து ஆழமானது. சூதாட்டத்துக்கும் முதலீட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அது தெளிவுபடுத்துகின்றது. விலை வேறு, பெறுமதி வேறு என்னும் அடிப்படைப் பிரிவினையை வாழ்நாள் முழுவதும் தளராது கடைப்பிடித்தமை பஃபெற்றின் சிந்தனைக்கு உரிய உண்மையான பெருமையாகும்.

எல்லோர்க்கும் பொருந்தாத நெறி

ஒரு நெறியை வாழ்க்கைத் தத்துவம் என ஏற்பதற்கு முன்னர், அதனை எல்லோரும் பின்பற்றினால் என்ன நிகழும் எனக் கேட்பது முறை. உண்மை பேசுதலை எல்லோரும் பின்பற்றினால் உண்மையின் பயன் பெருகும். கிரகாமின் நெறியை எல்லோரும் பின்பற்றினால், பெறுமதிக்குக் குறைந்த விலையிற் பங்கு விற்பவர் எவரும் இரார். நெறியின் பயன் அக்கணமே அற்றுப்போகும். குறைந்த விலைக்கு ஒருவர் வாங்க, மற்றொருவர் குறைந்த விலைக்கு விற்றாகவேண்டும். ஒருவரின் நிதானத்துக்கு மற்றொருவரின் பதற்றம் மூலதனமாகின்றது.

இதனைப் பஃபெற் அறியாதவரல்லர். 'பிணையங்களின் பகுப்பாய்வு' வெளிவந்து ஐம்பது ஆண்டுகள் நிறைவெய்தியதையொட்டி 1984இல் கொலம்பியாவில் அவர் ஆற்றிய உரை இவ்வகையில் நோக்கற்பாலது. சந்தை எல்லாச் செய்திகளையும் விலையில் உள்வாங்கிவிடுகின்றது, ஆதலின் அதனைத் தொடர்ந்து விஞ்சுதல் தற்செயலே என்னும் பொருளியலாளரின் கோட்பாட்டுக்கு மறுப்பாக அவ்வுரை அமைந்தது. 22.5 கோடி அமெரிக்கர் நாள்தோறும் நாணயஞ் சுண்டினால், இருபது நாள் கழியும்போது தொடர்ந்து வென்றோர் 215 பேர் எஞ்சுவர்; மனிதருக்குப் பதில் ஒராங்குட்டான் குரங்குகள் சுண்டினாலும் விளைவு அதுவே. ஆயினும், எஞ்சிய குரங்குகளுட் பல ஒரே விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து வந்தவையெனின், அங்கு ஏதோ காரணம் இருந்தாகவேண்டும் என அவர் வாதித்தார். வெற்றிபெற்ற முதலீட்டாளர் பலர் கிரகாமின் மாணவராக இருந்தமை அவர் காட்டிய 'காட்சிச்சாலை'. வாதம் நயமானது, பெருமளவு வலுவானதுங்கூட. எனினும் நெறி வெல்லும் என்பதை மட்டுமே அது நிறுவுகின்றது. அந்நெறி எல்லோரையும் வெல்லவைக்கும் என்பதை அது நிறுவவில்லை, நிறுவவும் இயலாது.

சாதாரண மக்களுக்குப் பஃபெற் கூறிய அறிவுரை இதனை உறுதிசெய்கின்றது. தாம் செய்ததைச் செய்யுமாறு அவர் அவர்களுக்குக் கூறவில்லை. சந்தையின் சுட்டெண்ணை அப்படியே பின்தொடரும் செலவு குறைந்த நிதியமொன்றிற் பணத்தை இட்டுவைக்குமாறே கூறினார். தம் மனைவிக்கு விட்டுச்செல்லும் பணத்தில் 90 சதவீதத்தை அவ்வாறான நிதியத்தில் இடுமாறு பணித்திருப்பதாக 2013ஆம் ஆண்டுக்கான கடிதத்தில் எழுதினார். 2008 முதல் 2017 வரையான பத்தாண்டுக் காலத்துக்கு நிதி முகாமையாளர் ஒருசாராருடன் பந்தயம் கட்டி, சுட்டெண் நிதியம் அவர்கள் தெரிந்தெடுத்த நிதியங்களை விஞ்சும் என நிறுவியும் காட்டினார். அவருடைய வாழ்க்கை ஒன்றைக் கற்பிக்க, அவருடைய அறிவுரை அதற்கு எதிரானதைக் கற்பிக்கின்றது. அவரை வழிகாட்டியாகக் கொள்வோர் வாழ்க்கையைப் பற்றிக்கொண்டு அறிவுரையை விட்டுவிடுதல் விந்தையே.

நியூ பெட்ஃபோர்ட் நெசவாலை

பஃபெற்றின் நிறுவனம் இன்றளவும் தாங்கிநிற்கும் பேர்க்சயர் ஹதவே என்னும் பெயர், மறைந்துபோன ஒரு நெசவாலையின் பெயராகும். மசாச்சுசெற்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபோர்ட்டில் இயங்கிய அந்நிறுவனத்தின் பங்குகளை அவர் 1962இல் வாங்கத் தொடங்கினார். 1964இல் ஆலையின் தலைவர் பங்கொன்றுக்கு 11 டொலர் 50 சதம் தருவதாக வாய்மொழியாகக் கூறிப் பின்னர் பன்னிரண்டரைச் சதத்தைக் குறைத்து எழுத்து மூலம் கேட்டார். அதனாற் சினமுற்ற பஃபெற் விற்பதை விடுத்து மேலும் வாங்கி, 1965இல் நிறுவனத்தையே தம் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தார். சந்தையின் மனநிலைக்கு ஆட்படாதவர் எனப் போற்றப்படுபவரின் புகழ்பெற்ற கொள்வனவு, சினத்தின் விளைவாக அமைந்தது. பெரும் மடமை என அவரே அதனைப் பிற்காலத்திற் கண்டித்தார்.

இருபதாண்டு நடத்திய பின் 1985இல் ஆலை மூடப்பட்டது. அவ்வாண்டுக்கான கடிதம் அவருடைய எழுத்துக்களுள் மிகுந்த கவனத்துக்குரியது. ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் டொலருக்கு வாங்கிய இயந்திரங்கள் ஏலத்தில் 1,63,122 டொலருக்குப் போயின. 1981இல் 5,000 டொலர் வீதம் வாங்கிய தறிகள், 50 டொலருக்குங் கேட்பாரின்றி, ஈற்றில் ஒன்று 26 டொலராகப் பழைய இரும்புக்கு விற்கப்பட்டன. புதிய இயந்திரங்களை வாங்கியபோதெல்லாம் செலவு குறையும் எனக் கணக்குக் காட்டப்பட்டது. கணக்கும் சரியாகவே இருந்தது. ஆயின், போட்டியாளர் அனைவரும் அதே இயந்திரங்களை வாங்கினர். செலவுக் குறைப்பின் பயன் முழுவதும் குறைந்த துணிவிலையாக மாறி வாங்குவோரைச் சென்றடைந்தது. தனித்தனியே நோக்குமிடத்து அறிவுடைமையாகத் தோன்றிய முடிவுகள், ஒருங்கே நோக்குமிடத்து ஒன்றையொன்று அழித்தன.

போட்டி முதலாளித்துவத்தின் இயக்கம் பற்றிய இவ்விளக்கத்தை எந்தப் பொருளாதார வரலாற்றாசிரியரும் மறுக்கமாட்டார். இதனைக் கூறியவர் முதலாளி ஒருவரே என்பதுதான் இதன் சிறப்பு. தொழிலாளர் மீதோ முகாமை மீதோ அவர் பழி சுமத்தவில்லை; இருசாராரும் ஒத்துழைத்தனர் என்றே எழுதினார். அக்கடிதத்தில் அவர் கொண்ட நிலைப்பாடு வருமாறு: இலாபம் சற்றுக் குறைவு என்பதற்காக ஒரு தொழிலை மூடுவது தகாது, முடிவில்லா நட்டத்தை விளைக்கும் தொழிலைப் பேணுவதும் தகாது. முன்னையதை அடம் சிமித் ஏற்கார், பின்னையதைக் கார்ல் மார்க்ஸ் ஏற்கார், இடைப்பட்ட நிலையே தமக்கு மனநிறைவு தருவது என அவர் குறித்தார்.

இந்த இடைநிலையின் நேர்மையைப் பாராட்டலாம். அதன் முழுமையை ஏற்றல் அரிது. ஆலையிலிருந்து மீட்கப்பட்ட மூலதனம் வேறு தொழிலுக்குச் சென்று பன்மடங்காகப் பெருகியது. தறியில் வாழ்நாளைக் கழித்த தொழிலாளியின் திறன் அவ்வாறு இடம்பெயர முடியாதது. இரும்பு விலைக்குப் போன தறிக்காவது கடிதத்தில் ஒரு விலை குறிக்கப்பட்டது. அத்தறியை இயக்கிய கையின் அனுபவத்துக்கு ஐந்தொகையில் இடமேயில்லை. மூலதனத்தின் அசைவுதான் பஃபெற்றின் வெற்றிக்கு அடிப்படை. அந்த அசைவு உழைப்புக்கு வாய்க்காத ஒன்று என்னும் முடிவு வரை கடிதம் சென்றிருக்கலாம். அது வாயிலிலேயே நின்றுவிட்டது.

அகழி என்னும் உருவகம்

நெசவாலை கற்பித்த பாடம் எதுவெனின், போட்டியுள்ள இடத்தில் இலாபம் நிலைக்காது என்பதே. அப்பாடத்தின் மறுபக்கம் சீஸ் என்னும் கலிபோர்னியா இனிப்புப்பண்ட நிறுவனத்தின் வரலாற்றில் வெளிப்படுகின்றது. 1972இல் 2 கோடியே 50 இலட்சம் டொலருக்கு அதனை வாங்கியபோது அதன் வரிக்கு முந்திய ஆண்டு இலாபம் 50 இலட்சம் டொலருக்குக் குறைவாகவே இருந்தது. 'மலிவு' என்னும் கிரகாமின் அளவுகோலால் அளந்தால் விலை அதிகம். நல்ல தொழிலுக்கு நியாயமான விலை கொடுக்கலாம் என வாதித்து அவரை மாற்றியவர் அவருடைய நெடுநாட் கூட்டாளி சார்லி மங்கர் ஆவார். இவர் 2023 நவம்பரில் தம் 99ஆம் வயதிற் காலமானார். 2007ஆம் ஆண்டுக்கான கடிதத்தின்படி, அதுவரை அந்நிறுவனம் ஈட்டிய வரிக்கு முந்திய இலாபம் மொத்தம் 135 கோடி டொலர். அதன் வளர்ச்சிக்காக மீள இடப்பட்ட மூலதனமோ 3 கோடியே 20 இலட்சம் டொலர் மட்டுமே.

இதன் இரகசியம் விலையை உயர்த்தும் வலிமையாகும். பண்டிகைக் காலத்தில் அன்புக்குரியோருக்குப் பரிசளிப்பவர் விலை சற்று ஏறியதற்காக வேறு பெட்டியை நாடார். ஒரு தொழிலை மதிப்பிடுகையில் இவ்விலைவலிமையே எல்லாவற்றிலும் தலையாயது என 2010இல் நிதி நெருக்கடி விசாரணை ஆணைக்குழுவினரிடம் பஃபெற் கூறினார். இவ்வலிமைக்கு அவர் கொடுத்த உருவகம் 'அகழி'. நல்ல தொழில் ஒரு கோட்டை. அதனைச் சூழப் போட்டியாளர் கடக்கவியலாத அகழி இருத்தல் வேண்டும். முகாமையாளர் ஆண்டுதோறும் அதனை அகலப்படுத்தவேண்டும்.

உருவகங்கள் சிந்தனையின் திசையைக் காட்டிக்கொடுப்பன. திருக்குறளின் பொருட்பாலில் அரண் அரசின் அங்கங்களுள் ஒன்று; உள்ளிருக்கும் குடிகளைப் புறப்பகையிலிருந்து காப்பது அதன் தொழில். பஃபெற்றின் கோட்டைக்குள் குடிகள் இல்லை, உரிமையாளரே உளர். பண்டத்தை வாங்கும் மக்கள் அகழிக்கு அப்பால் நின்று சுங்கம் செலுத்துவோராகின்றனர். சந்தைப் பொருளாதாரத்துக்கு அதன் ஆதரவாளர் கூறும் நியாயம், போட்டி விலையைக் குறைத்து வாங்குவோருக்கு நன்மை செய்கின்றது என்பது. நெசவாலையில் அந்நியாயம் சரியாகவே செயற்பட்டது; அங்கு முதலீட்டாளர் தோற்றார். இனிப்புக் கடையில் அது செயற்படவில்லை. அங்கு முதலீட்டாளர் வென்றார். ஆகவே, சந்தையின் மிகச் சிறந்த மாணவர் எனப்படுபவரின் நெறி, சந்தை தன் பணியைச் செய்யாத இடங்களைத் தேடிச் சென்று அமர்வதாகும். பண்டத்தின் தரமும் பெயரின் நம்பகமும் அகழியின் ஒரு பகுதி என்பதை மறுத்தற்கில்லை. எனினும் தரத்துக்குரிய ஊதியம் எவ்வளவு, போட்டியின்மைக்குரிய ஊதியம் எவ்வளவு எனப் பிரித்துக் காட்டும் அளவுகோல் எதுவும் கடிதங்களில் இல்லை.

பிறர் பணம்

1967இல் 86 இலட்சம் டொலருக்கு வாங்கப்பட்ட நஷனல் இன்டெம்னிற்றி என்னும் காப்புறுதி நிறுவனமே பேர்க்சயரின் உண்மையான தொடக்கம் எனல் பொருந்தும். காப்புறுதியில் தவணைப்பணம் முதலிற் கிடைக்கும். இழப்பீடு பின்னர், சிலவேளை பல ஆண்டுகளின் பின்னர், கொடுக்கப்படும். இடைக்காலத்தில் கையில் தங்கும் பிறர் பணத்தை நிறுவனம் தன் விருப்பப்படி முதலிடலாம். 1970இல் 3 கோடியே 90 இலட்சம் டொலராக இருந்த இத்தங்குபணம் 2024 முடிவில் 17,100 கோடி டொலராகியது. காப்புறுதித் தொழிலே பல ஆண்டுகளில் இலாபம் தந்தமையால், இப்பெருந்தொகை வட்டியில்லாக் கடனாக மட்டுமன்றி, ஊதியத்துடன் வந்த கடனாகவும் அமைந்தது.

2018இல் ஃபிறசினி, கபிலர், பெடர்சன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இதன் முக்கியத்துவத்தை எண்களால் நிறுவிற்று. பஃபெற் தெரிந்த பங்குகள் மலிவும் பாதுகாப்பும் தரமும் உடையவை. அதனோடு, தம் மூலதனத்தின் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட தொகையை மலிவான கடனின் துணையோடு முதலிட்டார் என்பது அவர்கள் கண்ட முடிவு. தெரிவு அவருடையது; பெருக்கம் பிறர் பணத்தாலானது. 1965 முதல் 2024 வரை ஆண்டுக்குச் சராசரி 19.9 சதவீதம் பேர்க்சயர் பங்கு வளர, அமெரிக்கப் பெருநிறுவனங்களின் சுட்டெண் 10.4 சதவீதமே வளர்ந்தது. இந்த இடைவெளியைப் பொறுமை என்னும் ஒரு குணத்தால் விளக்குதல் போதாது. வீழ்ச்சியின்போது கடன்காரர் கதவைத் தட்டாத ஒருவருக்கே பொறுமை எளிதாகும்.

2008ஆம் ஆண்டின் நெருக்கடி இதற்குச் சான்று. செப்ரெம்பரில் கோல்ட்மன் சக்ஸ் வங்கியில் 500 கோடி டொலரை ஆண்டுக்கு 10 சதவீதப் பங்கிலாபத்துடன் அவர் முதலிட முடிந்தது. பிறர் அஞ்சும்போது துணிவதே தம் நெறி என அவர் கூறுவதுண்டு. அத்துணிவு பயனளித்தமைக்குக் காரணம் அரசு தலையிட்டு நிதியமைப்பைத் தாங்கியமையாகும். இதனை அவரே ஒப்புக்கொண்டு, 2010 நவம்பரில் அரசுக்கு நன்றி கூறும் திறந்த மடலொன்றை 'நியூ யோர்க் ரைம்ஸ்' இதழில் வெளியிட்டார். கோட்டையின் அடித்தளம் பொதுப்பணத்தாலானது என்பதற்கு இதனினும் வெளிப்படையான வாக்குமூலம் வேண்டியதில்லை.

பிறப்பின் சீட்டும் வரியின் கணக்கும்

தம் வெற்றிக்குப் பிறப்பின் தற்செயலே பெருங்காரணம் எனப் பஃபெற் பலமுறை கூறியுள்ளார். 1930இல் அமெரிக்காவில் வெள்ளை ஆணாகப் பிறந்தமை ஒரு குலுக்குச் சீட்டிற் கிடைத்த பரிசு. தம் சகோதரிகள் அறிவிற் குறைந்தவரல்லர் எனினும் அவர்களுக்கு அதே வாய்ப்புக் கிட்டவில்லை என்பார். எந்நிலையிற் பிறக்கப்போகின்றோம் என்பதை அறியாத ஒருவர் எத்தகைய சமூகத்தை அமைக்க விரும்புவார் என்னும் வினாவை 1971இல் ஜோன் றோல்ஸ் தம் நீதிக் கோட்பாட்டின் மையமாக்கினார். பஃபெற்றின் சீட்டுருவகம் அதே வினாவையே எளிய மொழியில் எழுப்புகின்றது. தன் உயர்வுக்குத் தன் குணமே காரணம் எனப் பறைசாற்றும் செல்வந்தர் நிறைந்த உலகில் இக்கூற்று மதிப்புக்குரியது.

அக்கூற்றின் வழியே அவர் செயலிலும் இறங்கினார். 2006இல் தம் பங்குகளின் பெரும்பகுதியை ஐந்து அறநிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் வழங்க உறுதிபூண்டார். 2010இல் பில் கேற்ஸ், மெலின்டா கேற்ஸ் ஆகியோருடன் இணைந்து, செல்வந்தர் தம் செல்வத்திற் பாதிக்குக் குறையாது வழங்கவேண்டும் என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். 2011இல், தாம் செலுத்திய கூட்டரசு வரி 69,38,744 டொலர், அது வரிக்குரிய வருமானத்தில் 17.4 சதவீதமே, தம் அலுவலகத்தில் மற்றையோர் சராசரி 36 சதவீதம் செலுத்துகின்றனர் எனப் பகிரங்கமாக எழுதிச் செல்வந்தர் மீதான வரியை உயர்த்துமாறு வேண்டினார்.

ஆயினும் அவர் கூறிய 17.4 சதவீதம் வருமானத்தின் மீதான கணக்கு, செல்வத்தின் மீதானதன்று. பேர்க்சயர், அவரது கட்டுப்பாட்டில் 1967இல் ஒரேயொரு முறையே பங்கிலாபம் வழங்கியது. இலாபம் நிறுவனத்துக்குள்ளேயே தங்கிப் பெருகும். விற்கப்படாத பங்கின் உயர்வுக்கு வரியில்லை. 2014 முதல் 2018 வரை அவருடைய செல்வம் 2,430 கோடி டொலரால் உயர, அவர் செலுத்திய வரி 2 கோடியே 37 இலட்சம் டொலர் என 2021இல் 'புரோபப்ளிக்கா' என்னும் செய்தி நிறுவனம் வெளியிட்டது. உயர்வின் ஆயிரத்தில் ஒரு பங்கே வரியாயிற்று. சட்டத்தை அவர் மீறவில்லை. தம் செல்வம் அரசின் கையினும் அறநிறுவனங்களின் கையிற் கூடிய பயன் தரும் என்பது அவருடைய விடை. இவ்விடையிலேதான் அவருடைய அறத்தின் எல்லை தெரிகின்றது. சமூகமே தம்மைச் செல்வராக்கியது என்பவர், அச்செல்வத்தை எதற்குச் செலவிடுவது எனத் தீர்மானிக்கும் உரிமையைச் சமூகத்திடம் ஒப்படைக்கவில்லை. தம் மறைவின் பின் எஞ்சும் செல்வத்தின் பயன்பாட்டை மக்கள் மூவரும் ஒருமனதாகத் தீர்மானிப்பர் என 2024இல் அறிவித்தார். வழங்குதல் பெருந்தன்மை, எவருக்கு, எதற்கு என வகுத்தல் ஆட்சி. முன்னையதைத் துறந்தவர் பின்னையதைத் துறக்கவில்லை.

கடிதங்களின் நடை

பஃபெற்றின் செல்வாக்குக்கு அவருடைய உரைநடையும் காரணமாகும். நிதியுலகின் வழக்கமான மறைமொழியை விடுத்து, கல்வியறிவுள்ள எவரும் விளங்கிக்கொள்ளும் நடையில் அவர் எழுதினார். வெற்றியைச் சுருக்கியும் தவறை விரித்தும் எழுதுதல் அவருடைய வழக்கம். இது வாசகரின் நம்பிக்கையைப் பெறும் சிறந்த உத்தியாதலோடு, பெரும்பாலும் உண்மையுமாகும். ஆயினும் இந்நடைக்கு ஒரு மறைக்கும் ஆற்றலும் உண்டு. வழிப்பெறுதிகள் எனப்படும் நிதி ஒப்பந்தங்களைப் பேரழிவு ஆயுதங்கள் என 2002ஆம் ஆண்டுக்கான கடிதத்திற் கண்டித்தவரின் நிறுவனமே, அடுத்த சில ஆண்டுகளிற் பங்குச் சுட்டெண்கள் மீதான அத்தகைய நீண்டகால ஒப்பந்தங்களைப் பெருந்தொகைக்கு எழுதிற்று. பின்வந்த கடிதங்கள் இதனை மறைக்கவில்லை, நிபந்தனைகளுடன் விளக்கின. கிராமத்துப் பெரியவர் ஒருவரின் குரலிற் சொல்லப்படும்போது, மிகச் சிக்கலான நிதிப்பொறி ஒன்றும் எளிய இல்லறக் கணக்காகத் தோன்றிவிடுகின்றது. வாசகர் நினைவில் ஒமாகாவின் பழைய வீடு நிலைக்கின்றது. 17,100 கோடித் தங்குபணம் நிலைப்பதில்லை.

முடிவாக

2025 மே மாதத்தில், அவ்வாண்டு முடிவில் முதன்மை நிறைவேற்று அலுவலர் பதவியைக் கிறெக் ஏபெலிடம் ஒப்படைப்பதாகப் பஃபெற் அறிவித்தார். நவம்பரில், ஆண்டறிக்கைக் கடிதத்தைத் தாம் இனி எழுதப்போவதில்லை என்றும் கூறினார். ஆகவே அவருடைய நெறியை முழுமையான ஒன்றாக நோக்கி மதிப்பிடும் காலம் வந்துவிட்டது.

விலைக்கும் பெறுமதிக்குமிடையே அவர் காட்டிய வேறுபாடும், உரிமையாளருக்கு உண்மை கூறும் கடப்பாடும், பிறப்பின் தற்செயல் பற்றிய ஒப்புதலும் அந்நெறியின் நிலைத்த செல்வங்கள். அதனை எவரும் பின்பற்றத்தக்க வாழ்க்கை வழியாகக் கொள்வதே பொருந்தாதது. பலர் பின்பற்றாதிருத்தலும், போட்டி புகாத அகழியும், பிறர் பணத்தின் பெருக்கமும், வீழ்ச்சியில் தாங்கும் அரசும் அந்நெறி வெல்வதற்கு வேண்டிய நிபந்தனைகள். இவற்றை ஒளிக்காது எழுதிவைத்தவர் பஃபெற்றே; இவற்றை விடுத்துச் சிக்கனத்தையும் பொறுமையையும் மட்டும் எடுத்துக்கொண்டவர் அவரைப் போற்றும் நூலாசிரியரே. பொறுமையும் சிக்கனமும் நியூ பெட்ஃபோர்ட் நெசவாளரிடமும் இருந்தன. அவர்களுக்கு வாய்க்காதது எது என்னும் வினாவுடன் அக்கடிதங்களைப் படிப்போருக்கு, நம் காலத்துச் செல்வத்தின் இயல்பு பற்றி அவற்றினும் தெளிவாகக் கூறும் ஆவணங்கள் அரிதாகவே கிட்டும்.